நோம் – உட்கியாக்விக்: 834 கிலோமீட்டரா, 2,027 கிலோமீட்டரா?

வழிப்போக்கன்:
வணக்கம். அடுத்த மாதம், அதாவது ஆகஸ்டில், வேலை விஷயமாக அலாஸ்கா போகிறேன். நோம் என்ற ஊரில் இரண்டு நாள், உட்கியாக்விக்கில் இரண்டு நாள், இரண்டு இடத்திலும் கணினிக் கருவிகள் பொருத்திக் கொடுக்க வேண்டும். மேலாளர் ஏதோ ஒரு தூரம் பார்க்கும் தளத்தில் இரண்டு ஊர்ப் பெயரையும் போட்டிருக்கிறார், 834 கிலோமீட்டர், விமான நேரம் 1 மணி 32 நிமிடம் என்று வந்திருக்கிறது. அதை அப்படியே நம்பி, செவ்வாய் மதியம் நோமில் வேலையை முடித்து அன்று ராத்திரியே உட்கியாக்விக்கில் சாப்பாடு என்று அட்டவணையும் போட்டுவிட்டார். நான் டிக்கெட் தேடினால் எல்லாமே ஆங்கரேஜ் வழியாகத்தான் வருகிறது, சில நாட்களில் ராத்திரி அங்கேயே தங்கச் சொல்கிறது. தளம் பொய் சொல்கிறதா, இல்லை எனக்குத்தான் தேடத் தெரியவில்லையா?

சும்மா_வந்தேன்:
உட்கியாக்விக் எங்கே இருக்கிறது, இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

வழிப்போக்கன்:
பழைய பெயர் பாரோ. அமெரிக்காவின் வடகோடி ஊர்.

கணக்கு_வாத்தியார்:
834 தப்பு என்று நினைக்கிறேன். நோம் விமான நிலையம் 64.51 வடக்கு, 165.45 மேற்கு. பாரோ 71.29 வடக்கு, 156.77 மேற்கு. அட்சத்தில் 6.77 பாகை வித்தியாசம், தீர்க்கத்தில் 8.68. ஒரு பாகைக்கு 111 கிமீ போட்டால் 752, 963. பித்தாகரஸ் தேற்றம் போட்டுப் பாருங்கள், 1,220-க்கு மேல் வருகிறது. தளத்துக்காரன் எங்கேயோ கோட்டை விட்டிருக்கிறான்.

அட்சரேகை:
வாத்தியார் சார், கோட்டை விட்டது நீங்கள்தான், கோபித்துக்கொள்ள வேண்டாம். அட்சத்துக்கு எங்கேயும் 111 கிமீ சரி. தீர்க்கரேகைகள் அப்படி இல்லை, துருவத்தை நோக்கிப் போகப்போக ஒன்றோடொன்று நெருங்கிக்கொண்டே போகும். நோம் இருக்கிற அட்சத்தில் ஒரு தீர்க்கப் பாகை 48 கிமீதான், உட்கியாக்விக்கில் 36 கூட வராது. இரண்டுக்கும் நடுவான 67.9 பாகையின் கொசைனை எடுத்து, 0.376, உங்கள் 963-ஐ அதனால் பெருக்குங்கள். 362 வரும். இப்போது பித்தாகரஸ் போட்டால் 835. உருண்டைக்கான முழுச் சூத்திரத்தில் 834. தளத்தின் தூரம் சரி.

இதே காரணத்தால்தான் சுவரில் மாட்டும் மெர்கேட்டர் வரைபடத்தில் அலாஸ்கா அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. உட்கியாக்விக் பக்கம் எல்லாமே மூன்று மடங்குக்கு மேல் இழுக்கப்பட்டிருக்கும், நோம் பக்கம் 2.3 மடங்கு. ஒரே வரைபடத்தில் இரண்டு ஊருக்கும் இரண்டு அளவுகோல், அதில் ஸ்கேலை வைத்து தூரம் பார்க்கிறவர்கள் எல்லோரும் ஏமாறுவார்கள்.

நேரம் வேறு விஷயம். 834 கிமீ என்பது 518 மைல். இந்த மாதிரித் தளங்கள் மணிக்கு 500 மைல் என்று ஜெட் வேகத்தை வைத்து வகுத்து, ஏற இறங்க என்று அரை மணியைச் சேர்த்துவிடும். 518-ஐ 500-ஆல் வகுத்தால் 62 நிமிடம், கூட 30, ஆக 1 மணி 32 நிமிடம். நிமிடம் பிசகாமல் உங்கள் மேலாளருக்கு வந்த அதே எண். அந்த எண்ணுக்குப் பின்னால் விமானமும் இல்லை, விமானியும் இல்லை, வகுத்தல் கணக்கு மட்டும்தான் இருக்கிறது. நடுக்கடலில் இரண்டு புள்ளி கொடுத்தாலும் அது நேரம் சொல்லும்.

கணக்கு_வாத்தியார்:
ஒப்புக்கொள்கிறேன். கொசைனை மறந்தது என் தப்பு, முப்பது வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு இப்படி. ஆனால் தளத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆகாய மார்க்கத் தூரம் கேட்டார், சொன்னது. டிக்கெட் கேட்டால் அல்லவா இல்லை என்று சொல்லும்?

வழிப்போக்கன்:
சரி, அப்படியானால் நேரடி விமானம் கிடையவே கிடையாதா? நான் தேடிய பத்து நாளிலும் ஒன்றுகூட இல்லை.

பழைய_ஆங்கரேஜ்காரர்:
எட்டு வருடம் ஆங்கரேஜில் இருந்தவன், இதில் கொஞ்சம் அடிபட்டவன், அதனால் நீளமாக எழுதுகிறேன், பொறுமை உள்ளவர்கள் படிக்கலாம்.

தம்பி, அலாஸ்காவில் எவ்வளவு தூரம் என்று கேட்கக் கூடாது, ஆங்கரேஜிலிருந்து எவ்வளவு என்று கேட்க வேண்டும். நோமிலிருந்து ஆங்கரேஜ் சுமார் 865 கிமீ, ஒன்றரை மணி நேரம். ஆங்கரேஜிலிருந்து உட்கியாக்விக் 1,160 சொச்சம், நேராகப் போனால் இரண்டு மணிக்குக் கொஞ்சம் குறைவு. மொத்தம் 2,027. தெற்கே இறங்கி மறுபடி வடக்கே ஏறுகிறீர்கள். ஆகாயத்தில் மூன்றரை மணி, மிச்சமெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது.

ஏன் இப்படி என்று கேட்டால், ஆள் இல்லை, அவ்வளவுதான். 2020 கணக்கெடுப்பில் நோமில் 3,699 பேர், உட்கியாக்விக்கில் 4,927 பேர். ஆங்கரேஜில் 2,91,247, மாநிலத்தின் மொத்த ஜனத்தொகையில் ஏறக்குறைய 40 சதவீதம். பெரிய ஆஸ்பத்திரி அங்கே, பெரிய கடைகள் அங்கே, வெளி மாநில விமானமும் அங்கேதான். நோம்காரருக்கு உடம்பு சரியில்லை என்றால் ஆங்கரேஜ், பாரோக்காரர் வண்டி வாங்க வேண்டும் என்றால் ஆங்கரேஜ். நோமில் இருப்பவர் பாரோவுக்கு எதற்குப் போக வேண்டும்? சொந்தபந்தம், கூட்டம், விளையாட்டு, உங்களைப் போல வேலை. அதற்காக 737 ஜெட் விமானம் ஓட்ட முடியாது.

நிர்வாகமும் தனித்தனி. 1971 நிலஉரிமைச் சட்டத்துக்குப் பிறகு பூர்வகுடிகளுக்கு வட்டாரவாரியாக நிறுவனங்கள் வந்தன, நோம் ஒரு நிறுவனத்தின் கீழ், நடுவில் இருக்கிற கோட்சபியூ இன்னொன்றின் கீழ், பாரோ மூன்றாவதின் கீழ். பாரோ 1972-இல் உருவான நார்த் ஸ்லோப் பரோ என்ற மாவட்டத்தின் தலைமையிடம் வேறு, பிரூடோ பே எண்ணெய் வயலின் வரிப்பணம் அங்கே போகும். அக்கம்பக்கத்து வட்டாரங்கள்தான், ஆனால் எல்லாக் காகிதமும் ஆங்கரேஜுக்கோ தலைநகர் ஜூனோவுக்கோதான் போகும், ஒருவருக்கொருவர் போகாது. பாதையும் காகிதம் போகிற வழியில்தான் விழுகிறது.

இன்னொன்று, நோம் விமானம் ஏறும்போது வழித்தடத்தைப் பாருங்கள். ஆங்கரேஜ், நோம், கோட்சபியூ, மறுபடி ஆங்கரேஜ் என்று முக்கோணமாகச் சுற்றும் விமானங்கள் உண்டு, சில நாள் தலைகீழாகவும் சுற்றும். அதில் மாட்டினால் நோமிலிருந்து முதலில் வடக்கே போவீர்கள், அப்புறம் தெற்கே.

அட்சரேகை:
அண்ணா சொன்ன கோட்சபியூவை வரைபடத்தில் போட்டுப் பார்த்தேன், தூக்கமே போய்விட்டது. நோமிலிருந்து கோட்சபியூ 294 கிமீ. கோட்சபியூவிலிருந்து உட்கியாக்விக் 541. கூட்டினால் 835. நேர்கோட்டுத் தூரம் 834. அதாவது கோட்சபியூ கிட்டத்தட்ட அந்தக் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது, அங்கே இறங்கி ஏறினாலும் ஒரே ஒரு கிலோமீட்டர்தான் அதிகம். முக்கோண விமானத்தில் போகிறவர் சரியான திசையில் மூன்றில் ஒரு பங்கு தூரத்தைக் கடந்துவிடுகிறார், இன்னும் 541 கிமீதான் பாக்கி, அப்போது விமானம் திரும்பி 880 கிமீ தெற்கே ஆங்கரேஜுக்குப் போகிறது, அங்கிருந்து மறுபடி 1,163 வடக்கே. மொத்தம் 2,340 கிமீ ஆகிறது. கோவிலுக்குப் புறப்பட்டவனைக் கோபுரம் தெரிகிற தூரத்தில் இறக்கி, திரும்பி வீட்டுக்குப் போய் வேறு பஸ் பிடி என்பது மாதிரி.

சும்மா_வந்தேன்:
இது கம்பெனிக்காரன் பேராசை என்று தோன்றுகிறது. ஒரே விமானத்தை மேலே இன்னும் 541 கிமீ விட்டால் என்ன குறைந்துவிடும்?

பழைய_ஆங்கரேஜ்காரர்:
யாருக்காக விடுவது? அன்றைக்கு அந்த விமானத்தில் பாரோ போகிறவர் இரண்டு பேர் இருப்பார்கள், மற்ற நூறு பேரும் ஆங்கரேஜ். அந்த நூறு பேரையும் பாரோ வரை இழுத்துக்கொண்டு போக முடியுமா?

அரசு மானியமும் இதே போக்குதான். 1978-இல் விமானத் துறையைக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்தபோது, சின்ன ஊர்களுக்கு சேவை நின்றுவிடக் கூடாது என்று ஒரு மானியத் திட்டம் கொண்டுவந்தார்கள், அலாஸ்காவில் நிறைய ஊர்கள் அதில்தான் பிழைக்கின்றன. ஆனால் அதன் நோக்கமே சின்ன ஊரைப் பெரிய வலைப்பின்னலோடு சேர்ப்பது. சக்கரத்தின் ஆரங்களுக்குக் காசு உண்டு, விளிம்புக்குக் கிடையாது. பேராசை என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டால் இதெல்லாம் தெரியாமல் போய்விடும். டிக்கெட் விலையைப் பார்த்து எனக்கும் வயிறு எரிந்ததுண்டு, அது வேறு.

சும்மா_வந்தேன்:
சரி, கார் எடுத்துக்கொண்டு போனால்?

பழைய_ஆங்கரேஜ்காரர்:
நோமில் தாராளமாகக் கார் வாடகைக்கு எடுக்கலாம். ஊரிலிருந்து மூன்று பெரிய மண்சாலைகள் கிளம்புகின்றன. ஒன்று டெல்லர் என்ற கிராமத்தில் போய் முடியும், ஒன்று கவுன்சில் என்ற இடத்தில், மூன்றாவது வடக்கே கூகரோக் ஆற்றுப் பக்கம் போய் நின்றுவிடும். ஒன்றும் வெளியுலகைத் தொடாது. உட்கியாக்விக்கில் ஊருக்குள் ஓட்டலாம், ஊரைத் தாண்டி சாலை கிடையாது. கோடையில் சரக்குப் படகு வரும், துறைமுகம் இல்லாததால் கடற்கரையிலேயே மூக்கை வைத்து இறக்கும்.

சும்மா_வந்தேன்:
அப்போது சின்ன விமானம் ஒன்றை வாடகைக்குப் பிடித்துவிட வேண்டியதுதான். டாக்சி மாதிரி.

பழைய_ஆங்கரேஜ்காரர்:
பிடிக்கலாம். அங்கே அதிகம் ஓடுவது செஸ்னா கேரவன், ஒற்றை எஞ்சின், ஒன்பது பேர் உட்காரலாம். மணிக்கு 300 கிமீ என்று வையுங்கள், காற்று எதிராக இல்லை என்றால் 2 மணி 45 நிமிடம். தளம் சொன்ன 1 மணி 32 அப்போதே காலி. அப்புறம் அந்தக் கோடு எதன் மேலே போகிறது என்று பாருங்கள். சீவர்ட் தீபகற்பம், கோட்சபியூ வளைகுடாவின் குளிர்ந்த தண்ணீர், புரூக்ஸ் மலைத்தொடரின் மேற்கு முனை, அதற்கு மேலே ஏரியும் சேறுமாக ஒரே தட்டையான தந்த்ரா, விளக்கு வெளிச்சம் என்று ஒன்றும் கிடையாது. போகிற இடத்தில் மூடுபனி என்றால் வேறு எங்கே இறங்குவது என்று முன்பே முடிவு செய்து அதற்கும் சேர்த்து எரிபொருள் போட வேண்டும், எரிபொருள் ஏறினால் உங்கள் பெட்டி இறங்கும். காலி விமானமாக அவர் நோமுக்குத் திரும்புகிற செலவும் உங்கள் தலையில்தான். மேலாளரிடம் அந்த பில்லை நீட்டிப் பாருங்கள்.

பனிமான்:
இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே தரைவழியாகவே ஒரு முறை போயிருக்கிறார்கள், அதுவும் நடுக்குளிர்காலத்தில், யாரும் சொல்லாததால் நான் சொல்கிறேன்.

1897 இலையுதிர் காலத்தில் பாயிண்ட் பாரோ பக்கம் திமிங்கல வேட்டைக் கப்பல்கள் எட்டு பனிக்கட்டியில் சிக்கிக்கொண்டன. சுமார் 265 பேர் இருந்தார்கள், குளிர்காலம் முடிவதற்குள் உணவு தீர்ந்துவிடும் என்று பயம். கப்பலில் போய்க் காப்பாற்ற முடியாது, கடல் உறைந்துவிட்டது. 'பேர்' என்ற அரசுக் கப்பல் ஜார்விஸ், பெர்த்தால்ஃப் என்ற இரண்டு அதிகாரிகளையும் கால் என்ற மருத்துவரையும் டிசம்பர் 16 அன்று தென்மேற்குக் கரையில் கேப் வான்கூவர் அருகே இறக்கிவிட்டது. திட்டம் என்னவென்றால், வழியில் கலைமான் மந்தைகளை வாங்கி, பாரோ வரை ஓட்டிக்கொண்டு போவது. சாப்பாடு தானாக நடந்து வரும்! ஒரு மந்தை கேப் ராட்னியில் அன்டிசார்லுக் என்ற பூர்வகுடிக்காரரிடம் இருந்தது, அது இன்றைய நோமுக்குச் சற்று மேற்கே. இன்னொன்று கேப் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸில், அதைப் பார்த்துக்கொண்ட லாப் என்ற மிஷனரியும் இனுபியாக் என்ற பூர்வகுடி மேய்ப்பர்களும்தான் உண்மையில் மான்களை ஓட்டிக்கொண்டு போனவர்கள். அன்டிசார்லுக் தன் மொத்தச் சொத்தான மந்தையை, திருப்பித் தருவார்கள் என்ற வாக்கை மட்டும் நம்பி விட்டுக்கொடுத்திருக்கிறார், எனக்கு இந்தக் கதையில் பெரிய ஆள் அவர்தான்.

1898 மார்ச் இறுதியில் 382 மான்கள் பாரோ போய்ச் சேர்ந்தன. மொத்தப் பயணம் சுமார் 1,500 மைல், மூன்று மாதத்துக்கு மேல். அப்போது நோம் என்ற ஊரே கிடையாது. அங்கே ஆன்வில் ஓடையில் தங்கம் கிடைத்ததே அந்த வருடம் செப்டம்பரில்தான், அதற்கப்புறம்தான் கூட்டம்.

கணக்கு_வாத்தியார்:
அருமை. நாய்வண்டிக் கதை ஒன்றும் நோமில் உண்டே? மருந்து கொண்டுபோனது.

பனிமான்:
1925. நோமில் தொண்டை அடைப்பான் நோய் பரவியது. ரயில் நெனானா வரைதான், அங்கிருந்து 674 மைல், சுமார் 20 வண்டியோட்டிகள் கைமாற்றிக் கைமாற்றி 127 மணி 30 நிமிடத்தில் மருந்தைச் சேர்த்தார்கள். கடைசிக் கட்டம் கன்னர் காசன், அவர் வண்டியை இழுத்த பால்டோதான் பேர் வாங்கியது, ஆனால் நீளமான, ஆபத்தான பகுதி லெனார்ட் செப்பலாவும் அவருடைய நாய் டோகோவும் ஓடியது. விமானத்தில் அனுப்பலாமா என்று அப்போதும் விவாதம் நடந்தது. கையில் இருந்தவை திறந்த இருக்கை விமானங்கள், குளிர்காலத்துக்காகக் கழற்றி வைத்திருந்தார்கள். நாய்களே தேவலை என்று முடிவானது.

உங்கள் வழித்தடத்துக்கு இன்னும் கிட்டத்தில் ஒன்று சொல்லவா? 1926 மே மாதம் அமுண்ட்சென், எல்ஸ்வொர்த், நோபிலே மூவரும் 'நோர்ஜ்' வான்கப்பலில் ஸ்வால்பார்டிலிருந்து வட துருவத்தைத் தாண்டி பாயிண்ட் பாரோ பக்கம் கரை சேர்ந்தார்கள். அங்கிருந்து போக வேண்டிய இடம் நோம்! வழிப்போக்கன் வழித்தடத்தை அப்படியே திருப்பிப் போட்டது. மூடுபனி, காற்று, பனிக்கட்டி, ஏறக்குறைய ஒரு நாள் முழுக்கத் தடுமாறி நோமை எட்ட முடியாமல் மே 14 அன்று டெல்லரில் இறக்கினார்கள். துருவத்தையே தாண்டியவர்களுக்கு பாரோ – நோம் கடக்க முடியவில்லை.

அட்சரேகை:
டெல்லர்! ஆங்கரேஜ் அண்ணா சொன்ன மண்சாலையின் முனை. ஆக கார் வாடகைக்கு எடுத்தால் 'நோர்ஜ்' இறங்கிய இடத்தைப் பார்க்கவாவது உதவும்.

பனிமான்:
உட்கியாக்விக் விமான நிலையத்தின் பெயரையும் கவனியுங்கள், வைலி போஸ்ட் – வில் ரோஜர்ஸ் நினைவு விமான நிலையம். உலகத்தைத் தனியாகச் சுற்றிய விமானி போஸ்ட், நகைச்சுவையாளர் ரோஜர்ஸ், இருவரும் 1935 ஆகஸ்ட் 15 அன்று பாரோ போகும் வழியில் மூடுபனியில் திசை தவறி, ஒரு காயலில் இறங்கி, அங்கே முகாம் போட்டிருந்த இனுபியாக் மக்களிடம் பாரோவுக்கு வழி கேட்டார்கள். ஊர் சுமார் 15 மைல்தான். வழி தெரிந்து ஏறிய உடனே எஞ்சின் நின்று விழுந்தது. செத்தவர்கள் பெயரை விமான நிலையத்துக்கு வைத்திருக்கிறார்கள், விமானத்தில் இறங்குபவர் முதலில் படிப்பது அதைத்தான். ஆகஸ்டில் போகிறீர்கள், பயமுறுத்தவில்லை, ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.

வழிப்போக்கன்:
நல்லா ஆறுதல் சொல்கிறீர்கள் அக்கா. சரி, டிக்கெட் போட்டுவிட்டேன். தேடும்போது ஒரு தமாஷ், ஒரு தளத்தில் பாரோ என்று அடித்ததும் இங்கிலாந்தில் இருக்கிற பாரோ-இன்-ஃபர்னஸுக்குக் கொண்டுபோய்விட்டது.

பழைய_ஆங்கரேஜ்காரர்:
நிலையக் குறியீடு இன்னும் பழைய பெயரில்தான், பி.ஆர்.டபிள்யூ. அதைப் போட்டுத் தேடுங்கள். பெயர் மாற்றம் 2016-இல் வாக்கெடுப்பில் வந்தது, 381-க்கு 375, ஆறே ஓட்டு. ஊரில் பாதிப் பேர் இன்னும் பாரோ என்றுதான் சொல்வார்கள், நானும் அப்படித்தான், வாயில் வந்துவிட்டது.

கருவிப் பெட்டிகளை உங்களோடு கொண்டுபோக வேண்டாம், ஒரு வாரம் முன்னாலேயே சரக்கில் அனுப்பிவிடுங்கள். முன்பெல்லாம் 737-400 காம்பி என்று ஒன்று ஓடியது, முன்பாதி முழுக்கச் சரக்கு, பின்பாதியில் 72 பேர், வால் பக்கப் படியில் ஏறுவோம். நாமும் பெட்டியும் ஒரே விமானம் என்று ஒரு நிம்மதி இருக்கும். 2017 அக்டோபரில் அதை நிறுத்திவிட்டார்கள், இப்போது சரக்குக்குத் தனி விமானம், ஆளுக்குத் தனி.

அட்சரேகை:
ஒன்று கேட்கலாமா, நீங்கள் பொருத்தப் போகும் கருவிகள் கடலடிக் கேபிள் சம்பந்தப்பட்டதா? ஏனென்றால் அந்தக் கண்ணாடியிழைக் கேபிள் நோம், கோட்சபியூ, பாயிண்ட் ஹோப், வெயின்ரைட், உட்கியாக்விக், பிரூடோ பே என்று கரையோரமாகவே போகிறது, 2017 கடைசியில் சேவைக்கு வந்தது. 2023 ஜூனில் கடல் பனிக்கட்டி தரையை உரசி அது அறுந்தபோது மூன்று மாதம் போலச் சரிசெய்ய முடியவில்லை, கப்பல் போக பனி விலக வேண்டும் அல்லவா. செய்திக்கு நேர்வழி இருக்கிறது, ஆளுக்குத்தான் இல்லை.

வழிப்போக்கன்:
கேபிள் இல்லை, அதன் மறுமுனையில் கட்டிடத்துக்குள் வைக்கும் பெட்டிகள். அதற்கு மேல் சொன்னால் வேலை போய்விடும்.

வழிப்போக்கன்:
(ஐந்து வாரம் கழித்து)
போய்விட்டு வந்தாயிற்று. கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

நோமில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. ஒரு விஷயம் மட்டும் குழப்பியது, மதியச் சாப்பாட்டு நேரத்தில் சூரியன் கிழக்குப் பக்கமே நின்றுகொண்டிருந்தது, உச்சிக்கு வர மூன்று மணி ஆனது. அட்சரேகை இதற்கு ஏதாவது சொல்வார்.

செவ்வாய் இரவு 7 மணி 10-க்கு நோமில் தங்கிய அறையைப் பூட்டினேன். நல்லவேளை, முக்கோணம் இல்லை, நேராக ஆங்கரேஜ். ராத்திரி அங்கே. புதன் காலை உட்கியாக்விக் விமானம். அறிவிப்பு வந்தது, இறங்கப் போகிறோம் என்று, இறங்கினோம், இறங்கினோம், ஜன்னலில் வெள்ளை தவிர ஒன்றும் இல்லை, திடீரென்று எஞ்சின் உறுமி மேலே ஏறிவிட்டது. ஒரு சுற்று சுற்றி மறுபடி முயன்றார்கள், அதுவும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டி பின்னல் வேலையை நிறுத்தவே இல்லை, "ஆகஸ்ட்" என்று ஒரே வார்த்தை சொன்னார். விமானம் அப்படியே ஆங்கரேஜுக்குத் திரும்பிவிட்டது. வியாழன் காலை மறுபடி. இந்தத் தடவை மேகத்தை விட்டு வெளியே வந்ததும் கீழே ஓடுபாதையும் அதையொட்டிக் கடலும். அறைக்குள் போனபோது மணி 11.40.

பெட்டிகள் எனக்கு மூன்று நாள் முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தன. அண்ணாவுக்கு நன்றி.

கணக்கு_வாத்தியார்:
செவ்வாய் இரவு 7.10 முதல் வியாழன் பகல் 11.40 வரை, 40 மணி 30 நிமிடம். 834-ஐ வகுத்தால் மணிக்கு 20.6 கிமீ. 1925 நாய்வண்டி 674 மைல் அதாவது 1,085 கிமீ, 127.5 மணி, மணிக்கு 8.5. நூறு வருடத்தில் வேகம் இரண்டரை மடங்குகூட ஆகவில்லை.

பனிமான்:
மான்களை விட வேகம்தான். அதுவரை பரவாயில்லை.

அட்சரேகை:
நீங்கள் உண்மையில் பறந்த தூரம்: நோம் – ஆங்கரேஜ் 865, ஆங்கரேஜ் – உட்கியாக்விக் 1,163 மூன்று முறை. 4,354 கிமீ. நேர்கோட்டைப் போல ஐந்து மடங்குக்கு மேல்.

சூரியன் விஷயம்: அலாஸ்காவில் 1983 வரை நான்கு நேர மண்டலம் இருந்தது, நோம் ஆங்கரேஜை விட ஒரு மணி பின்னால். அப்புறம் ஏறக்குறைய மாநிலம் முழுவதையும் ஒரே கடிகாரத்தில் கட்டிவிட்டார்கள். கோடைக் கடிகாரம் 120 பாகை மேற்குக்குப் பொருந்துவது, நோம் இருப்பது 165-இல். 45 பாகை, பாகைக்கு 4 நிமிடம், மூன்று மணி நேரம். உட்கியாக்விக்கில் பார்த்திருந்தால் இரண்டரைக்கு உச்சி.

வழிப்போக்கன்:
உட்கியாக்விக்கில் சூரியனைப் பார்க்கவே இல்லை, சார். இரண்டு நாளும் மூடுபனி.

பழைய_ஆங்கரேஜ்காரர்:
மேலாளர் என்ன சொன்னார்?

வழிப்போக்கன்:
செலவுக் கணக்கில் 'ஆங்கரேஜ், 2 இரவு' என்று இருப்பதைப் பார்த்து, ஆங்கரேஜில் நமக்கு என்ன வேலை என்று கேட்டார். இந்த இழையின் சுட்டியை அனுப்பியிருக்கிறேன். தமிழ் படிக்கத் தெரியாது அவருக்கு, எண்களையாவது பார்க்கட்டும்.

சும்மா_வந்தேன்:
அடுத்த தடவை எந்த ஊர்?

வழிப்போக்கன்:
உட்கியாக்விக் முடித்து பெத்தல் என்கிறார். தூரம் போட்டுப் பார்த்துவிட்டாராம், இரண்டு மணிதானாம்.